நாய்ச் சறுக்குவண்டிப் பந்தயமும் எங்கள் சவாரித் திடலும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த வாசகர் கடிதம் ஒன்றுக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். அலாஸ்காவில் நாய்களைச் சறுக்குவண்டியில் பூட்டி ஆயிரம் மைல் ஓட்டுவது மிருகவதை, எங்கள் மாட்டுவண்டில் சவாரிப் போட்டி அப்படியல்ல, அது பரம்பரைப் பண்பாடு, ஆகவே அதில் எவரும் கைவைக்கக் கூடாது என்று அந்த நண்பர் எழுதியிருந்தார். சவாரியைத் தடைசெய்யக் கூடாது என்பதில் நானும் அவர் பக்கம்தான். ஆனால் அந்த நாய்ப் பந்தயத்தை ஒரே வரியில் தூக்கி எறிந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. நான் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக வேலை செய்து ஓய்வுபெற்றவன். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் பட்டி பட்டியாகப் போய் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டவன், சவாரி மாடுகளின் காலுக்கும் மருந்து கட்டியவன். ஒவ்வொரு மார்ச் மாதமும் அந்தப் பந்தயத்தை இணையத்தில் விடாமல் பின்தொடர்கிறேன். எங்கள் சவாரிக்காரர் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. ஓடுகிற மிருகம் இன்னும் ஓடலாமா, நிறுத்த வேண்டுமா என்ற கேள்வியில் அங்கே மிருக வைத்தியரின் சொல்லைத் தாண்டி எவரும் போக முடியாது. எங்கள் திடல்களில் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கே ஆள் இல்லை.

பந்தயத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இடிட்டாரொட் என்பது அதன் பெயர். 1973 இல் தொடங்கியது. ஆங்கரேஜ் நகரத்துப் பக்கமிருந்து மேற்குக் கரையில் இருக்கும் நோம் என்ற சிறிய ஊர் வரைக்கும் ஏறக்குறைய 1600 கிலோமீற்றர். மலைத்தொடரைக் கடந்து, உறைந்துபோன யூக்கொன் ஆற்றின் மேல் ஓடி, பிறகு பெரிங் கடற்கரையோடு வடக்கே போகவேண்டும். சில இடங்களில் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக் குளிர், காற்று அடித்தால் அதைவிட மோசம். ஒரு மனிதர், அவரது வண்டி, முன்னால் சோடி சோடியாக நாய்கள். இப்போது ஆகக் கூடியது 16 நாய்களோடு புறப்படலாம், முடிவிடத்துக்கு வரும்போது குறைந்தது 5 நாய்களாவது கயிற்றில் இருக்கவேண்டும். முதல் வருடம் வென்றவர் ஏறத்தாழ 20 நாள் எடுத்தார், கடைசியாக வந்தவர் 32 நாள். 2017 இல் மிற்ச் சீவி என்பவர் 8 நாளும் சில மணித்தியாலமும் மட்டுமே எடுத்தார். அவர் மகன் டலஸ் சீவி இதுவரை ஆறு தடவை வென்றிருக்கிறார், வேறு எவரும் அத்தனை தடவை வென்றதில்லை. பெண்களும் ஆண்களும் ஒரே பந்தயத்தில்தான் ஓடுகிறார்கள். 1985 இல் புயல் அடித்துக்கொண்டிருக்க, மற்றவர்கள் ஒதுங்கி நின்ற நேரத்தில் லிபி றிடில்ஸ் என்ற பெண் கடல் உறைந்த வெளியில் தன் நாய்களோடு இறங்கி வென்றார். அடுத்த மூன்று வருடமும் வென்றவர் சூசன் புட்சர் என்ற இன்னொரு பெண்.

ஒரு மாட்டுக்காரனாக என்னை ஆகக் கூடுதலாக யோசிக்க வைத்தது வேறு விசயம். அந்த நாய்களுக்குக் கடிவாளம் கிடையாது, நாணயக்கயிறு கிடையாது. ஓட்டுபவர் பின்னால் வண்டியில் நிற்கிறார், முதல் நாய் அவரிலிருந்து கனதூரம் முன்னால் நிற்கிறது, அவரிடம் இருப்பது குரல் ஒன்றுதான். வலது, இடது, நில், போ, எல்லாம் குரல்தான். நாய் கேட்காவிட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. 2019 இல் நிக்கொலா பெத்தி என்பவர் எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தார், கரையோரத்தில் ஷக்தூலிக் என்ற ஊரைத் தாண்டிவிட்டார், கிட்டத்தட்ட வெற்றி கையில். வழியில் ஒரு நாய் இன்னொரு நாயின் மேல் பாய்ந்தது, அவர் அதை உரத்த குரலில் ஏசினார். அவ்வளவுதான், மற்ற நாய்கள் அந்த இடத்திலேயே படுத்துவிட்டன. கெஞ்சியும் எழும்பவில்லை. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடந்துபோக அவர் பந்தயத்தை விட்டு விலகவேண்டி வந்தது, அந்த வருடம் பெதெல் என்ற ஊரைச் சேர்ந்த யூப்பிக் பழங்குடிக்காரர் பீற்றர் கைசர் வென்றார். அடித்து ஓடவைக்க முடியாத ஒரு பந்தயம் அது, அதனால் அங்கே மிருகத்தின் மனம் கோணாமல் பார்ப்பது ஓட்டுபவரின் பிழைப்பாகவே ஆகிவிட்டது.

இனி விதிகளுக்கு வருகிறேன், சவாரிச் சங்கத்தார் இதைக் கவனமாக வாசிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பந்தயத்துக்கு முன்னரே ஒவ்வொரு நாய்க்கும் இரத்தப் பரிசோதனை, இதயத்துடிப்புப் பதிவு இரண்டும் செய்யவேண்டும். வழியில் இருபதுக்கும் மேற்பட்ட தரிப்பிடங்கள், அவற்றில் மிருக வைத்தியர்கள் நிற்கிறார்கள், பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். இதயம், நீர்ச்சத்து, சாப்பிடுகிறதா, உற்சாகமாக இருக்கிறதா, எடை குறைந்துவிட்டதா, நெஞ்சு சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஓட்டுபவர் ஒரு பதிவுப் புத்தகத்தைக் கட்டாயம் கொண்டுபோகவேண்டும், வைத்தியர் பார்த்தது அதில் எழுதப்படும். ஓடத் தகுதியில்லை என்று கண்ட நாய் தரிப்பிடத்திலேயே இறக்கப்பட்டு விமானத்தில் திரும்பிப் போகும். பிறகு கட்டாய ஓய்வு: ஒரு தடவை முழுதாக 24 மணித்தியாலம், யூக்கொன் ஆற்றில் 8 மணித்தியாலம், முடிவுக்கு முன்னால் வைற் மவுண்டன் என்ற ஊரில் இன்னொரு 8 மணித்தியாலம். முன்னுக்கு நிற்பவனும் நிற்கத்தான் வேண்டும், வெற்றிக்கு இன்னும் 120 கிலோமீற்றர்தான் இருக்கிறது, போகவிடுங்கள் என்று கேட்க முடியாது.

தரிப்பிடத்துக்கு வந்து சேர்ந்ததும் ஓட்டுபவர் என்ன செய்கிறார் என்றும் பாருங்கள். நாய்களின் கால் துணிச் சப்பாத்தைக் கழற்றுவார், வைக்கோல் விரிப்பார், பனியை உருக்கித் தண்ணீராக்கிச் சாப்பாடு காய்ச்சிக் கொடுப்பார், ஒவ்வொரு நாயின் மணிக்கட்டையும் பாதத்தையும் பிடித்துப் பார்த்து மருந்து தேய்ப்பார். அதெல்லாம் முடிந்த பிறகுதான் தன் வயிற்றையும் தன் தூக்கத்தையும் யோசிப்பார். 20, 25 கிலோ எடையுள்ள அந்த நாய்க்கு ஓட்ட நாட்களில் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கலோரிக்கு மேல் வேண்டும், எங்கள் தோட்டங்களில் மண்வெட்டி பிடிக்கிற ஆளுக்கு வேண்டியதைவிட அது இரண்டு மூன்று மடங்கு. ஆகவே இறைச்சியும் கொழுப்புமாகவே கொடுக்கிறார்கள். ஓடத் தொடங்கிச் சில நாளில் அவற்றின் உடம்பு கொழுப்பை எரித்து ஓடும் முறைக்கு மாறிவிடுகிறது என்று ஆராய்ச்சி செய்தவர்கள் சொல்கிறார்கள். அதேநேரம் இந்த ஓட்டத்தில் கன நாய்களுக்கு வயிற்றுப் புண் வருகிறது என்பதையும் அதே ஆராய்ச்சியாளர்கள்தான் கண்டுபிடித்து வெளியிட்டார்கள், அதற்குப் பிறகு அமிலம் குறைக்கும் மருந்து கொடுக்கும் வழக்கம் வந்தது.

சரி, அங்கே எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்ல வரவில்லை. 2024 பந்தயத்தில் மூன்று நாய்கள் இறந்தன. அது சின்ன விசயம் அல்ல, ஒரு மிருகம் எங்கள் பொழுதுபோக்குக்காக ஓடிச் செத்தால் அதற்கு எந்தச் சமாதானமும் போதாது. இந்தப் பந்தயமே வேண்டாம் என்று மிருகநல அமைப்புகள் வருடக்கணக்காகப் போராடுகின்றன, அலாஸ்கா ஏர்லைன்ஸ், எக்ஸன் மோபில் போன்ற பெரிய அனுசரணையாளர்கள் விலகிவிட்டார்கள். பந்தயத்துக்கு வெளியே, வருடம் முழுதும் சங்கிலியில் கட்டி வளர்க்கிற முறை பற்றிய குற்றச்சாட்டுகளும் இருக்கின்றன, அவற்றில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் இறந்த நாய் எது, எந்தத் தரிப்பிடத்துக்குக் கிட்ட, யாருடைய கூட்டத்தில் என்று உடனே அறிவிக்கிறார்கள், உடலை அறுத்துப் பரிசோதிக்கிறார்கள், காட்டு விலங்கு தாக்கியது போன்ற தடுக்க முடியாத காரணம் இல்லையென்றால் அந்த ஓட்டுநர் போட்டியை விட்டு விலகவேண்டும். 2024 இல் அந்த மூன்று பேரும் விலகினார்கள். எங்கள் பக்கத்தில் சவாரி முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோன மாடு இரண்டாம் நாள் விழுந்தால் யார் எழுதி வைக்கிறார்கள்? இறைச்சிக்காரனுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அந்த வாசகர் பண்பாடு என்றாரே, அதற்கும் பதில் அங்கேயே இருக்கிறது. அலாஸ்காப் பழங்குடி மக்களுக்கு நாய்வண்டி என்பது வேட்டைக்கும் விறகுக்கும் தபாலுக்கும் உயிர்நாடியாக இருந்தது. 1925 இல் நோம் ஊரில் தொண்டைக்கரப்பான் பரவிப் பிள்ளைகள் சாகத் தொடங்கியபோது மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் நாய்கள்தான். ரயில் நெனானா என்ற இடத்தோடு நின்றுவிட, அங்கிருந்து ஆயிரத்துச் சொச்சம் கிலோமீற்றரை 20 ஓட்டுநர்களும் 150 அளவிலான நாய்களும் கைமாற்றிக் கைமாற்றி ஐந்தரை நாளில் கடந்தார்கள். அந்த ஓட்டுநர்களில் பலர் பழங்குடி மக்கள். கடைசிக் கட்டத்தை ஓடிய பால்ட்டோ என்ற நாய்க்கு அதே வருடம் நியூயோர்க்கில் சிலை வைத்தார்கள். ஆனால் ஆகத் தூரமும் ஆக ஆபத்தும் ஆன பகுதியை ஓடியது லெயொன்ஹார்ட் செப்பலாவும் அவரது கிழட்டு நாய் டோகோவும்தான். பிறகு அறுபதுகளில் பனியில் ஓடும் மோட்டார் வண்டி வந்தது, ஊர் ஊராக நாய்கள் இல்லாமல் போகத் தொடங்கின. அதைக் கண்டு மனம் பொறுக்காமல் ஜோ றெடிங்டன் என்பவர் இந்த நெடும்பந்தயத்தைத் தொடங்கினார். பந்தயம் இருந்தால் நாய் வளர்ப்பார்கள், நாய் இருந்தால் பழைய பாதையும் மிஞ்சும் என்பது அவர் கணக்கு. அவர் 80 வயதிலும் ஓடினார், ஒருநாளும் வெல்லவில்லை, 2023 இல் அவர் பேரன் வென்றான்.

இது எங்கள் கதையும்தான். ட்ரக்டரும் லான்ட்மாஸ்டரும் வந்த பிறகு உழவு மாடு போயிற்று, வண்டில் போயிற்று, சில்லுக்குப் பட்டம் போடும் ஆசாரியும் போய்விட்டார். இன்றைக்கு ஒரு நல்ல நாம்பன் காளையை எவராவது ஆசையாய்ப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் போட்டு வளர்க்கிறார் என்றால் அது சவாரிக்காகத்தான். யுத்தத்தில் பட்டிகளை விட்டுவிட்டு ஓடி, திரும்பி வந்து ஒன்றிலிருந்து தொடங்கியவர்கள் அவர்கள். அதனால்தான் சவாரி வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது, சவாரி நின்றால் அந்த மாட்டினமும் நிற்கும்.

ஆனால் நான் திடல்களில் கண்டதைச் சொல்லாமல் இருக்கவும் முடியாது. மாட்டை விரட்டும் கேட்டிக்கம்பின் நுனியில் ஆணி. ஓடி முடித்த மாட்டின் பின்தொடையில் இரத்தம் வடிந்து காய்ந்திருக்கிறது, மேலே சந்தனப் பொட்டும் மாலையும். வாலை முறுக்கி முறுக்கி எலும்பு விலகிய மாடு ஒன்றுக்கு நானே கட்டுப் போட்டேன். ஓட்டம் சில நூறு மீற்றர்தானே, இதற்கு ஏன் ஓய்வு, ஏன் வைத்தியர் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஓட்டம் மட்டும்தான் சில நூறு மீற்றர். மாடு விடியப்புறம் லொறியில் ஏற்றப்பட்டு வன்னியிலிருந்து நின்றபடி வருகிறது, திடலில் நிழல் இல்லை, தண்ணீர்த் தொட்டி இல்லை, பிரதம விருந்தினர் வரும்வரை பங்குனி வெயிலில் நுகத்தில் நிற்கிறது, பிறகு முதற்சுற்று, அரையிறுதி, இறுதி என்று ஒரே நாளில் திரும்பத் திரும்ப ஓடுகிறது. அலாஸ்காவில் வெயில் ஏறிப் பனி இளகத் தொடங்கினாலே பகலில் நாய்களைப் படுக்கவிட்டு இரவில் ஓட்டுகிறார்கள், உடம்புச் சூடு நாயைக் கொல்லும் என்று அவர்களுக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியாத விசயம் இல்லை. மாட்டுக்கு இயல்பான உடம்புச் சூடு 38.5 பாகை அளவில். மத்தியான வெயிலில் ஓடி வந்து நாக்கு வெளியே தள்ளி நுரை கக்குகிற மாட்டில் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் என்ன காட்டும் என்று எந்தக் கால்நடை வைத்தியரிடமும் கேட்டுப் பாருங்கள்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம், அதில் தண்டப்பணம் நூறு ரூபா என்றே நெடுங்காலமாக இருந்து வருகிறது. நூறு ரூபாவுக்கு இன்றைக்கு ஒரு கட்டுக் கீரை வாங்குவதே பெரிய பாடு. கொழும்பிலிருந்து புதுச் சட்டம் வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. அலாஸ்காப் பந்தயத்தின் விதிகளும் அரசாங்கம் எழுதிக் கொடுத்தவை அல்ல, நடத்துகிறவர்கள் தாங்களே எழுதி, வருடா வருடம் திருத்திக்கொண்டு வருகிறவை. முன்பு 16 நாய்கள் பூட்டினார்கள், 2019 இல் 14 ஆகக் குறைத்தார்கள், அதனால் பந்தயம் ஒன்றும் குறைந்துபோகவில்லை, பிறகு திரும்பவும் 16 ஆக்கினார்கள்.

நோர்வேயிலும் இதேமாதிரி ஒரு பந்தயம் நடக்கிறது, பின்மார்க் மாகாணத்தில் அல்டா நகரத்திலிருந்து புறப்பட்டு அங்கேயே திரும்பி வரும் 1200 கிலோமீற்றர் ஓட்டம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எங்கட பெடியள் மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலைக்குப் போய்ச் சேர்ந்த அதே பின்மார்க்தான். அங்கே இருக்கிற என் அக்காவின் மகன் ஒவ்வொரு பங்குனியும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கிறான். வைத்தியர் ஒரு நாயைத் தூக்கிப் பரிசோதிக்கும்போது சனம் எல்லாம் அமைதியாக நின்று பார்க்குமாம், அந்த ஓட்டுநர் நாயை இறக்கிவிட்டுப் போனால் அதற்கும் கைதட்டுமாம். எங்கள் ஊரில் வெளிநாட்டுக் காசில் சவாரிக்கு மோட்டார் சைக்கிளும் தங்கக் காசும் பரிசு கொடுக்கிற அன்பர்கள் பலர் இப்படியான நாடுகளில்தான் இருக்கிறார்கள். அவர்கள் பரிசுக் காசு அனுப்பும்போதே, திடலில் மிருக வைத்தியர் இல்லையென்றால் பரிசு இல்லை என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் அடுத்த போட்டிக்கே இது நடக்கும்.

இன்னொன்றையும் இந்த இடத்தில் சொல்லவேண்டும், தலைப்புக்குக் கொஞ்சம் வெளியே என்றாலும். படங்களில் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்தில் ஹஸ்கி நாய் வாங்கி வளர்க்கும் மோகம் வந்திருக்கிறது. பனியில் சுருண்டு படுத்துத் தூங்கும்படி இரட்டை மயிரோடு பிறந்த மிருகம் அது, அதைக் கொண்டுவந்து சித்திரை வெயிலில் சீமெந்து முற்றத்தில் கட்டாதீர்கள். குளிரூட்டி போட்டிருக்கிறோம் என்கிறீர்கள், கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்? நாய் வளர்க்க ஆசை என்றால் சந்தியில் நிற்கிற கட்டாக்காலிக் குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் விசர்நாய்த் தடுப்பூசி போட்டு வளருங்கள்.

சவாரிச் சங்கங்களிடம் நான் கேட்பது பெரிய செலவு இல்லாதது. வண்டில் பூட்டுமுன் ஒவ்வொரு மாட்டையும் மிருக வைத்தியர் ஒருவர் பார்க்கவேண்டும், சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையில் திரும்பவும் பார்க்கவேண்டும், அவர் வேண்டாம் என்றால் அந்த மாடு யாருடையதாக இருந்தாலும் அன்றைக்கு ஓடக்கூடாது. ஆணி வைத்த கேட்டிக்கம்பு கண்டால் அந்த வண்டில் வெளியே. காலை பத்து மணிக்கு முன்னும் பின்னேரம் நான்கு மணிக்குப் பின்னும்தான் ஓட்டம், நடுவில் நிழலில் தண்ணீரோடு ஓய்வு. காயப்பட்ட, செத்த மாடுகளின் விபரம் எழுதி வைக்கவேண்டும், கேட்டால் காட்டவேண்டும். பிரதம விருந்தினர் சுணங்கினால் அவர் இல்லாமலே தொடங்குங்கள், மாடு காத்து நிற்கக் கூடாது.

உங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள். சவாரி முடிவுகளைப் போடும்போது முதலாம் இரண்டாம் இடங்களோடு, அன்று திடலில் நின்ற மிருக வைத்தியர் யார், எத்தனை மாடுகளை அவர் நிறுத்தினார் என்பதையும் ஒரு வரியில் போடுங்கள். வைத்தியர் எவரும் இருக்கவில்லை என்றால் அதையும் அப்படியே போடுங்கள். வைத்தியர்களுக்கு வேலைப் பளு கூட என்பது எனக்குத் தெரியும், அவர்களுக்குத் துணையாக நிற்க என்னைப்போல ஓய்வுபெற்ற போதனாசிரியர்கள் குடாநாட்டில் பலர் இருக்கிறோம். வரும் தைப்பொங்கலுக்குப் பிறகு நடக்கும் முதல் சவாரியை எந்தச் சங்கம் நடத்தினாலும் உங்கள் பத்திரிகையில் அறிவித்தால் போதும், வெப்பமானியும் மருந்துப் பெட்டியுமாக நான் வந்து நிற்கிறேன், சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர்,
யாழ்ப்பாணம்.